ஹெபடைடிஸ் ஏ முதல் ஈ வரை: பரிசோதனை நிலையத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அறிக்கைகளை எடுத்துக் கொடுக்கும் மேசை என்னுடையது. நான் மருத்துவர் அல்லன். ஆனால் தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள் அறிக்கையை வாங்கிய கையோடு மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே என்னிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் ஐயங்களை, கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த வைரஸ் என்று தெரியும் முன் மருந்தையோ பத்தியத்தையோ பயத்தையோ தொடங்க வேண்டாம் என்பதே பெரும்பாலான பதில்களின் சாரம்.

மஞ்சள் காமாலையும் ஹெபடைடிஸும் ஒண்ணுதானே?

இல்லை. மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி. ஹெபடைடிஸ் என்பது கல்லீரல் அழற்சி. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைக் கல்லீரல் பித்தத்தோடு கலந்து வெளியேற்றுகிறது. அந்த வேலை தடைப்பட்டு, நூறு மில்லி ரத்தத்தில் சாதாரணமாக ஒரு மில்லிகிராம் அளவில் இருக்கும் பிலிருபின் மூன்றைத் தொடும்போது கண்ணின் வெண்மை மஞ்சளாகிறது. வைரஸ் தவிர பித்தக் குழாயில் அடைத்த கல், மது, எலிக்காய்ச்சல், காசநோய் மாத்திரைகள் சிலவற்றின் பக்கவிளைவு, கணையக் கட்டி ஆகியவையும் இதே மஞ்சளைக் கொடுக்கும். கல் அடைத்த காமாலைக்குக் கல்லை எடுப்பதுதான் வைத்தியம். அங்கே பச்சிலையோடு காத்திருக்கும் நாட்கள் ஆபத்தானவை.

மறுபக்கமும் உண்டு. ரத்தக் குழாயை இயந்திரத்தில் சுற்றி எடுத்தால் மேலே சீரம் தெளிந்து நிற்கும். காமாலைக்காரரின் சீரம் அடர் மஞ்சளாக இருப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் பல ஆண்டுகளாக ஹெபடைடிஸ் பி அல்லது சி வைரஸைச் சுமக்கும் பலருடைய சீரம் மற்றவர்களுடையதைப் போலவே வெளிறிய நிறத்தில்தான் இருக்கிறது. கண் மஞ்சளாகவில்லை என்பதால் வைரஸ் இல்லை என்று எண்ணிவிட முடியாது.

ஏ, பி, சின்னு எழுத்து போடுறாங்களே, ஏ-ல ஆரம்பிச்சு முத்திப் போனா ஈ-க்கு வந்துருமா?

இப்படிக் கேட்பவர்கள் அதிகம். இந்த எழுத்துகள் நோயின் கட்டங்கள் அல்ல. ஒன்றோடொன்று உறவில்லாத ஐந்து தனித்தனி வைரஸ்களின் பெயர்கள். ஏ வந்தவருக்கு அது பி ஆக மாறாது, எத்தனை நாள் கவனிக்காமல் விட்டாலும் மாறாது. டி மட்டும் விதிவிலக்காகப் பி வைரஸைச் சார்ந்து வாழ்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வைரஸ்கள் வெவ்வேறு காலங்களில் அறியப்பட்டவை. அமெரிக்க ஆய்வாளர் பரூக் பிளம்பர்க் 1965-இல் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தில் கண்டறிந்ததாக வெளியிட்ட புரதமே பி வைரஸின் அடையாளமாக அமைந்தது. அதனால்தான் மூத்த மருத்துவர்கள் சிலர் இன்றும் சீட்டில் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்றே எழுதுகிறார்கள். அதைப் பார்த்து வெளிநாட்டு வியாதி என்று பதற வேண்டியதில்லை. பிளம்பர்க்குக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் நாளாக உள்ளது. டி 1977-இலும், ஈ 1983-இலும், சி 1989-இலும் அடையாளம் காணப்பட்டன.

நடைமுறைக்கு இரண்டு கூட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ, ஈ இரண்டும் மலத்தால் மாசுபட்ட நீர், உணவு வழியாக வாய்க்குள் வருபவை. வந்த வேகத்தில் போய்விடுபவை. பி, சி, டி மூன்றும் ரத்தத்தின் வழியாகவும், முக்கியமாகப் பி உடலுறவின் வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வருபவை. உடலில் தங்கிவிடக் கூடியவை.

நாங்க கேன் தண்ணிதான் வாங்குறோம், அப்புறம் எப்படித் தண்ணியால வந்துச்சு?

கேன் நீரைக் குடிக்கிறீர்கள், ஆனால் பல் துலக்குவதும் பழம் கழுவுவதும் சட்னி அரைப்பதும் குழாய் நீரில்தான். வெளியில் குடித்த மோரிலும் கரும்புச் சாற்றிலும் போட்ட பனிக்கட்டி எந்த நீரில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. கேனைப் பொறுத்தவரையிலும் நீர் சுவையாக இருப்பதும், உப்பைக் காட்டும் கருவியில் எண் குறைவாக வருவதும் வைரஸ் இல்லை என்பதற்குச் சான்றாகா. நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது நின்றால் ஏ, ஈ இரண்டும் அழிந்துவிடும். வெதுவெதுப்பாகச் சூடாக்குவது போதாது.

நம் ஊர்களில் கவனிக்க வேண்டிய இடம் குழாய்தான். முன்பு குடிநீர் ஊருணி என்று தனியாக வைத்து, அதில் கால் நனைக்கவும் விடாமல் காவல் போட்டுக் காத்தார்கள். இன்று குழாய் தெருவுக்கடியில் போகிறது, பக்கத்திலேயே சாக்கடையும் போகிறது. நீர் விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இல்லை. அந்த நேரத்தில் விரிசல் வழியாக வெளியிலிருக்கும் கழிவு உள்ளே கசிகிறது. வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பூட்டி உறிஞ்சுகிறவர்கள் அந்தக் கசிவை இன்னும் வேகமாக இழுத்து, தங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் சேர்த்தே நோயை வரவழைக்கிறார்கள். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் காமாலை வந்தால், அந்தக் குளோரின் அளவைச் சோதிக்கும்படி நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இது சிறிய தொல்லை என்று எண்ண வேண்டாம். 1955-56 குளிர்காலத்தில் டெல்லியில் யமுனையிலிருந்து எடுத்த குடிநீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஏ வைரஸ் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சேமித்து வைத்த ரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோதுதான் ஈ என்று தெரிந்தது.

முந்தாநாள் ஒரு கல்யாணத்துல சாப்பிட்டோம், இன்னைக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. சமையக்காரரைத்தானே கேக்கணும்?

அந்தச் சமையல்காரர் குற்றமற்றவர். ஏ வைரஸ் உடலுக்குள் வந்து நோய் தலைகாட்ட 15 முதல் 50 நாட்கள் ஆகும். சராசரி ஏறக்குறைய நான்கு வாரம். ஈ வைரஸுக்குச் சராசரியாக ஐந்து ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே முந்தாநாள் பந்தியை விட்டுவிட்டுப் போன மாதம் எங்கே சாப்பிட்டீர்கள், எந்தத் திருவிழாவில் நீர்மோர் குடித்தீர்கள், பழனிப் பாதயாத்திரையில் வழியில் எங்கே தண்ணீர் பிடித்தீர்கள் என்று யோசிக்க வேண்டும். பியோ சியோ என்றால் கணக்கு மாதங்களில் போகும்.

வீட்டுல ஒருத்தருக்கு வந்துருச்சு, தட்டு டம்ளரைத் தனியா வைக்கணுமா?

எந்த எழுத்து என்பதைப் பொறுத்தது. ஏ என்றால், கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஓரிரு வாரங்களில்தான் மலத்தில் வைரஸ் மிக அதிகமாக வெளியேறுகிறது. காமாலை கண்டு ஒரு வாரத்துக்குப் பிறகு மற்றவர்களுக்குப் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே நீங்கள் தட்டைப் பிரிக்கும்போது பரவ வேண்டியது பெரும்பாலும் பரவியிருக்கும். அந்த ஒரு வாரம் அவர் சமைக்காமல் இருப்பதும், கழிப்பறை சென்று வந்ததும், சமைப்பதற்கும் உண்பதற்கும் முன்பும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் தட்டைப் பிரிப்பதைவிட முக்கியம். ஏ தடுப்பூசியை, தொடர்பு ஏற்பட்ட இரண்டு வாரத்துக்குள் போட்டால் வீட்டிலுள்ள மற்றவர்களைக் காக்கும்.

பி, சி என்றால் தட்டு, டம்ளர், துண்டு, ஒரே அறை, கட்டித் தழுவுதல், ஒரே பந்தி எதனாலும் பரவாது. பிரிக்க வேண்டியவை சவரக்கத்தி, பல் துலக்கி, நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி ஆகியவை. பி வைரஸ் உலர்ந்த ரத்தத்திலும் ஏழு நாட்கள் வரை உயிர்ப்போடு இருக்கும் என்பதால் முடிதிருத்தகத்தில் புதிய பிளேடு, காது குத்தும் இடத்தில் புதிய ஊசி, திருவிழாக் கடையில் பச்சை குத்துவதென்றால் புதிய ஊசியும் புதிய மையும் என்று வற்புறுத்துங்கள். பி இருக்கிற ஆத்தாளை வளவின் ஓர் ஓரத்தில் தனித் தட்டோடு உட்கார வைத்த வீடுகளை நான் அறிவேன். அந்தத் தனிமையால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் கூடவில்லை.

எஸ்.ஜி.பி.டி. 2000-ன்னு வந்திருக்கு, லிவர் போயிருச்சா?

எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி. செல்கள் காயப்படும்போது அது ரத்தத்தில் கொட்டுகிறது. ஏ, ஈ போன்ற திடீர்த் தொற்றில் அது ஆயிரங்களில் ஏறுவது வழக்கம். பெரும்பாலோர் முழுதாகக் குணமாகிறார்கள். கல்லீரல் வேலை செய்கிறதா என்று காட்டுவது ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். அளவுதான். எஸ்.ஜி.பி.டி. 2000 இருந்து ஐ.என்.ஆர். சரியாக இருந்தால் ஆறுதல் கொள்ளலாம். எஸ்.ஜி.பி.டி. மளமளவென்று இறங்கி, பிலிருபினும் ஐ.என்.ஆரும் ஏறிக்கொண்டே போனால் அது நல்ல செய்தி அன்று. செல்கள் அழிந்து கொட்டுவதற்கு நொதி மிச்சமில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். எண் குறைந்துவிட்டதென்று மகிழ்ந்து வீட்டிலேயே இருந்துவிடக் கூடாத இடம் அது.

எந்த வைரஸ் என்று கண்டுபிடிக்க நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஏ வைரஸுக்கு ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் (அண்மையில் வந்த தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்குவது), ஈ வைரஸுக்கு ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள், பி-க்கு ஹெச்.பி.எஸ்.ஏஜி., சி-க்கு ஆன்டி ஹெச்.சி.வி. இங்கே ஒரு குழப்பத்தை மேசையில் அடிக்கடி பார்க்கிறேன். ஹெச்.பி.எஸ்.ஏஜி. பாசிட்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது. ஆன்டி ஹெச்.பி.எஸ். பாசிட்டிவ் என்றால் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால், தடுப்பூசி நன்றாக வேலை செய்ததைக் காட்டும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவர்களும் உண்டு.

கீழாநெல்லி குடிச்சாலே போயிரும்னு அப்பத்தா சொல்றாங்களே?

அப்பத்தா சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலியோரம் கீழாநெல்லியைப் பறித்து, வேரோடு அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்தார்கள், காமாலை போயிற்று. ஏ, ஈ வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிறது. எதைக் கொடுத்திருந்தாலும் அந்த வாரங்களின் முடிவில் கண் வெளுத்திருக்கும். பெருமை கையில் இருந்த மருந்துக்குப் போயிற்று.

ஆனாலும் கீழாநெல்லியை ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் செய்து, மேலே சொன்ன பிளம்பர்க்கும் பங்கெடுத்த ஓர் ஆய்வு 1988-இல் 'லான்செட்' இதழில் வந்தது. நீண்ட நாளாகப் பி வைரஸைச் சுமந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ஹெச்.பி.எஸ்.ஏஜி. மறைந்ததென்றும், வெற்றுப் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்ததென்றும் அது சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் பிற நாடுகளில் மறுபடி செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இன்று பி-க்கு அதை மருந்தாக எந்தச் சிகிச்சை நெறிமுறையும் ஏற்கவில்லை. தமிழ்நாட்டு மூலிகை ஒன்று உலகத் தரத்தில் சோதிக்கப்பட்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சோதனையின் முடிவை ஏற்பதும் அந்தப் பெருமையில் சேர்ந்ததே.

ஏ என்று உறுதியாகி, ஐ.என்.ஆர். சரியாக இருக்கிறவர் சுத்தமான நீரில் கழுவி அரைத்த கீழாநெல்லியைக் குடிக்க ஆசைப்பட்டால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். என்னென்ன கலந்தது என்று சொல்லாத பொட்டலங்களையும் லேகியங்களையும் தொட வேண்டாம், ஏனெனில் அவற்றில் கல்லீரலையே கெடுக்கும் பொருள்கள் இருக்கலாம். மூக்கில் சாறு விடுவது, கண்ணில் மருந்து விடுவது, சூடு போடுவது ஆகியவற்றால் புண்ணும் பார்வைக் கேடும் வரும். வைரஸுக்கு ஒன்றும் ஆகாது.

எண்ணெய், உப்பு, கறி எல்லாத்தையும் நிறுத்தணுமா?

வேண்டியதில்லை. குமட்டல் இருக்கும் நாட்களில் எண்ணெய்ப் பலகாரம் தானாகவே பிடிக்காது. அப்போது இட்லி, இடியாப்பம், கஞ்சி, ரசம் சோறு என்று பசிக்கு ஏற்றதைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பசி திரும்பியதும் பருப்பு, முட்டை, மீன், கோழி எல்லாம் சாப்பிடலாம். கல்லீரல் தன்னைச் சரிசெய்துகொள்ளப் புரதமும் சக்தியும் தேவை; உப்பில்லாக் கஞ்சியில் பல வாரம் கிடந்தவர்கள் காமாலையைவிடப் பத்தியத்தால்தான் இளைக்கிறார்கள். உப்பைக் குறைப்பது வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு உரிய விதி.

அறவே கூடாதது மது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் உட்பட எந்த மாத்திரையையும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் போடக் கூடாது. ஏ, ஈ வைரஸ்களைக் கொல்ல வழக்கமான மாத்திரை கிடையாது. ஓய்வும் நீரும் உணவும் கண்காணிப்புமே சிகிச்சை. மருத்துவர் மருந்தே எழுதவில்லையே என்று குறைப்பட்டு வேறு கடைக்குப் போகாதீர்கள்.

எப்ப ஆஸ்பத்திரியில சேக்கணும்?

பகலில் தூக்கமும் இரவில் விழிப்புமாக மாறுவது, பேச்சில் தடுமாற்றம், ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது, ஈறிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தம், குடித்த நீரும் நிற்காத வாந்தி, ஐ.என்.ஆர். 1.5-ஐத் தாண்டுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, அந்த மணியே கிளம்ப வேண்டும். சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது மட்டும் அவசர அறிகுறி ஆகாது.

கர்ப்பிணிகளுக்கு இந்தப் பொறுமையெல்லாம் பொருந்தாது. ஈ வைரஸ் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். வளைகாப்புக்காக ஊருக்கு வந்திருக்கும் பெண்ணுக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால், மந்திரிக்க ஆளைத் தேடாமல் அன்றே தீவிர சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ரத்தம் குடுக்கப் போன இடத்துல 'பி இருக்கு'ன்னுட்டாங்க. எனக்கு ஒண்ணுமே செய்யலையே?

பி வைரஸ் இப்படித்தான் வெளிப்படுகிறது. பெரியவராகித் தொற்றியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் அதை வென்றுவிடுகிறார்கள். பிறந்த வேளையில் தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது தங்கிவிடுகிறது. ஆகவே அது நீங்கள் பிறந்த அன்று வந்ததாக இருக்கலாம். உங்கள் நடத்தையை யாரும் சந்தேகிக்க அதில் இடமில்லை. உங்கள் அம்மா, உடன்பிறந்தவர்கள், மனைவி, பிள்ளைகள் ஆகியோரையும் சோதிப்பது அவசியம்.

அடுத்த படி, மாத்திரை வேண்டுமா என்று தீர்மானிப்பது. வைரஸின் அளவைச் சொல்லும் டி.என்.ஏ. பரிசோதனை, எஸ்.ஜி.பி.டி., கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று காட்டும் ஸ்கேன் ஆகிய மூன்றையும் சேர்த்து மருத்துவர் முடிவு செய்வார். கல்லீரல் சுருக்கம் வந்துவிட்டவர்களுக்கு மாத்திரை கட்டாயம். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் மாத்திரை தொடங்கும் வரம்பைத் தளர்த்தியிருப்பதால், முன்பு வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களும் மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

பி-க்கு மாத்திரைன்னா ஆயுசு முழுக்கவா? செலவு?

டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை நிறுத்துகின்றன. செல்லின் கருவுக்குள் ஒளிந்திருக்கும் அதன் மூல வடிவத்தை அழிப்பதில்லை. அதனால் பலருக்குப் பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தாமே நிறுத்தியவர்களுக்கு வைரஸ் சீறி எழுந்து கல்லீரல் செயலிழந்தது உண்டு. மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், சுருக்கம் இருப்பவர்களும் குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தவர்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அதில் இலவசம். நம் பக்கத்தவர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலோ விசாரிக்கலாம். நகையை அடகு வைத்து டி.என்.ஏ. பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு முறை கேளுங்கள் என்பதை என் மேசையிலிருந்தே சொல்லி வருகிறேன்.

மகளுக்கு பி இருக்கு, மாசமா இருக்கா. பிள்ளைக்கு வராம தடுக்க முடியுமா? தாய்ப்பால் குடுக்கலாமா?

தடுக்க முடியும், இந்தப் பக்கம் முழுவதிலும் நம்பிக்கையோடு சொல்லத்தக்க பதில் இதுதான். கர்ப்ப காலத்தில் வைரஸ் அளவு பார்த்து, மில்லிலிட்டருக்கு 2,00,000 அலகுக்கு மேல் இருந்தால் 28-ஆம் வாரத்தை ஒட்டி டெனோஃபோவிர் தொடங்குவார்கள். பிள்ளை பிறந்ததும், 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் தடுப்பூசியும் மற்றொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் போட வேண்டும். பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் வழக்கமான ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே பி தடுப்பும் அடங்கியிருக்கிறது; தமிழ்நாட்டில் அந்தக் கூட்டு ஊசி 2011 டிசம்பரில் வந்தது. இம்யூனோகுளோபுலின் எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. ஆகவே பிரசவத் தேதிக்கு முன்பே மருத்துவமனையில் சொல்லி வைப்பது குடும்பத்தாரின் வேலை.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பி இருக்கிறது என்பதற்காக மட்டும் அறுவைப் பிரசவம் தேவையில்லை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு ஹெச்.பி.எஸ்.ஏஜி., ஆன்டி ஹெச்.பி.எஸ். இரண்டையும் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பையனுக்கு பி இருக்கு, பொண்ணு வீட்டுல பேசி முடிச்சாச்சு. சொல்லணுமா?

சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திருமணமும் செய்யலாம். பெண்ணுக்கு ஹெச்.பி.எஸ்.ஏஜி., ஆன்டி ஹெச்.பி.எஸ். பார்த்து, பாதுகாப்பு இல்லையென்றால் 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் 10 அலகுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் உடலுறவாலும் பரவாது. அதுவரை ஆணுறை. மறைத்துச் செய்த திருமணங்களில், முதல் கர்ப்பப் பரிசோதனையில் பெண்ணுக்குப் பாசிட்டிவ் வந்து, யாரால் யாருக்கு என்ற சண்டையோடு இரண்டு வீட்டாரும் இந்த மேசைக்கு வருகிறார்கள். அதைத் தீர்க்கும் பரிசோதனை எங்களிடம் இல்லை.

சி-க்கு 12 வாரம் மாத்திரை முடிச்சாச்சு, குணம்னு சொன்னாங்க. இப்ப மறுபடி பாசிட்டிவ்னு வருதே?

எந்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று பாருங்கள். ஆன்டி ஹெச்.சி.வி. என்பது எதிர்ப்பொருள், அம்மைத் தழும்பு அம்மை இறங்கிய பின்னும் நிற்பது போல அது ஆயுள் முழுவதும் நிற்கும். வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. மட்டுமே. மாத்திரை முடிந்த 12 வாரத்துக்குப் பிறகு அது இல்லையென்று வந்தால் குணம் என்றே பொருள். சோஃபோஸ்புவிரோடு டாக்லாடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் சேர்ந்த சிகிச்சையில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குணமடைகிறார்கள். ஆனால் குணமான உடம்புக்கு எதிர்ப்பு கிடையாது. மறுபடி அசுத்த ஊசி பட்டால் மறுபடி வரும். சி-க்குத் தடுப்பூசியும் இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப்பேர் வளைகுடா வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறவர்கள். அங்கே பி, சி இரண்டையும் பார்த்து, பாசிட்டிவ் என்றால் தகுதியில்லை என்று எழுதிவிடுகிறார்கள். குணமான சி-க்கும் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் வரும் என்பதால் ஆர்.என்.ஏ. அறிக்கையையும் சிகிச்சைச் சான்றையும் கொண்டுபோய்க் காட்டலாம். ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் விதி. ஏஜெண்டுக்கு முன்பணம் கட்டும் முன் இந்த இரண்டு பரிசோதனைகளையும் இங்கேயே செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

அறிகுறி இல்லாவிட்டாலும் சி பரிசோதனை செய்ய வேண்டியவர்கள் உண்டு. ரத்த வங்கிகளில் அந்தச் சோதனை 2000-களின் தொடக்கத்தில்தான் கட்டாயமானது. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், ஒரே ஊசியைப் பலருக்குப் போட்ட இடங்களில் வைத்தியம் பார்த்தவர்கள் ஆகியோர் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

டி-ன்னு ஒண்ணு இருக்கே, அதைப் பத்தி யாரும் சொல்றதில்லையே?

டி வைரஸுக்கு மேலுறை செய்யத் தெரியாது. பி வைரஸின் உறையைக் கடன் வாங்கித்தான் அது பரவும். பி இல்லாதவருக்கு டி வராது; பி தடுப்பூசி டி-யையும் தடுக்கும். பி உள்ள ஒருவருக்குக் காரணமின்றி நோய் திடீரென்று மோசமானால் மருத்துவர் அதையும் சோதிப்பார்.

எனக்கு 45 வயசு. இப்பப் போயித் தடுப்பூசி போடலாமா?

பி தடுப்பூசி எந்த வயதிலும் போடலாம். சர்க்கரை நோயாளிகள், மருத்துவமனையிலும் பரிசோதனை நிலையங்களிலும் வேலை செய்பவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், பி உள்ளவர் வீட்டில் வாழ்பவர்கள் முதலில் போட வேண்டும். ஊசி தோள்பட்டைத் தசையில் போட வேண்டும்; இடுப்பில் போட்டால் பலன் குறையும். போடுவதற்கு முன் ஹெச்.பி.எஸ்.ஏஜி. பாருங்கள், ஏனென்றால் ஏற்கெனவே வைரஸ் உள்ளவருக்கு ஊசியால் பயனில்லை. ஊசி போட்ட கையோடு ரத்தம் கொடுக்கவோ விசா பரிசோதனைக்கோ போகாதீர்கள். ஊசியில் உள்ள புரதமே இரண்டு மூன்று வாரம் வரை ஹெச்.பி.எஸ்.ஏஜி. பாசிட்டிவ் என்று காட்டக்கூடும். அட்டைப் பரிசோதனையில் மங்கலாக ஒரு கோடு விழுந்தால் நான் முதலில் கேட்பது, அண்மையில் ஊசி போட்டீர்களா என்பதே.

ஏ தடுப்பூசி தனியாரிடம் கிடைக்கிறது. சிறு வயதில் ஏ வந்தால் பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் போய்விடும். வயது கூடக் கூட நோய் கடுமையாகும். சுத்தமான சூழலில் வளர்ந்து, எதிர்ப்பு இல்லாமல் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதைப் பரிந்துரைப்பேன். ஈ-க்கான தடுப்பூசி சீனாவில் இருக்கிறது. நம் தடுப்பூசி அட்டவணையில் இல்லை.

அப்பச்சிக்கு ஹெச்.பி.எஸ்.ஏஜி. நெகடிவ், ஆனா 'கோர் ஆன்டிபாடி' பாசிட்டிவ். கீமோ ஆரம்பிக்கப் போறாங்க. இது பழைய கதைதானே, விட்டுறலாமா?

விட்டுவிடக் கூடாது. கோர் எதிர்ப்பொருள் தடுப்பூசியால் வராது; பி வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்து போயிருக்கிறது என்பதற்கு அது சான்று. மாத்திரை பற்றிய பதிலில் சொன்ன அந்த ஒளிந்திருக்கும் மூல வடிவம், 'வென்றுவிட்டவர்' உடலிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கிறது. சில ரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் ரிடுக்ஸிமாப் போன்ற மருந்துகள், சில வகைக் கீமோ, நீண்ட நாள் அதிக அளவு ஸ்டீராய்டு ஆகியவை அந்தக் காவலைத் தளர்த்தும்போது வைரஸ் மறுபடி எழலாம். அப்போது வரும் காமாலை உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம். சி-க்கான மாத்திரை எடுப்பவர்களுக்கும் பி இப்படி எழுந்ததுண்டு. அதனால்தான் சி சிகிச்சைக்கு முன் பி பார்க்கிறார்கள்.

அப்பச்சியின் அறிக்கையைப் புற்றுநோய் மருத்துவரிடம் கீமோ தொடங்கும் முன்பே காட்டுங்கள். எந்த மருந்து என்பதைப் பொறுத்து, முன்கூட்டியே என்டெகாவிரோ டெனோஃபோவிரோ தொடங்குவார், அல்லது குறிப்பிட்ட இடைவெளியில் ஹெச்.பி.எஸ்.ஏஜி., எஸ்.ஜி.பி.டி., டி.என்.ஏ. பார்த்துக்கொண்டிருப்பார். மாத்திரை தொடங்கினால் கீமோ முடிந்த அன்றே அதை நிறுத்தக் கூடாது. ரிடுக்ஸிமாப் எடுத்தவர்களுக்கு அதன் பிறகும் ஓராண்டுக்குக் குறையாமல் தொடர வேண்டியிருக்கும், நிறுத்திய பின்னும் சில மாதங்கள் ரத்தம் பார்க்க வேண்டியிருக்கும்.